பழைய பேப்பர் கடையில் தேடிய தலைப்புகள்

என் கையெழுத்தில் எனக்கே ஒரு தபால் வந்தால் நான் தோற்றுவிட்டேன் என்று பொருள். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதற்காகத் தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். என்னுடைய உறைகள் தவறாமல் திரும்பி வந்தன. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவது மில்லில் ஷிப்ட் மாறும் மதிய நேரம். காலை ஷிப்ட் முடித்த பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் பார்க்க என் தோல்வி என் கைக்கு வரும்.

"என்ன மதினி, ஒம் மக போட்ட லெட்டரு அவளுக்கே வருது? வெலாசத்த மாத்தி எழுதிட்டாளோ?" என்று ஒருத்தி என் அம்மாவிடம் கேட்பாள்.

"தனக்குத் தானே எழுதிக்கிடுதா. இவ எழுதுறத வேற யாரு வாசிப்பா?" என்பாள் இன்னொருத்தி.

சிரிப்பு தெருமுனை வரை போகும். நான் உறையை வாங்கிக்கொண்டு, முதுகை வளைக்காமல் உள்ளே நடப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். கல்லூரிக்குப் போனவளும் நான்தான். அப்பா பஞ்சுப் பேட்டையில் பொதி தூக்கினார். அம்மா மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதி முடித்த வாரத்திலேயே அப்பா சொல்லிவிட்டார்.

"மேஸ்திரிகிட்ட பேசியாச்சு. ஆவணி ஒண்ணாந்தேதி அம்மா கூடவே நீயும் போயிரு."

"நான் மில்லுக்குப் போகலப்பா. எழுதிச் சம்பாதிக்கேன்."

கல்லூரியில் படிக்கும்போது நான் எழுதிய ஒரு துணுக்கு வாரப் பத்திரிகையில் வந்து, அதற்கு மணியார்டரும் வந்திருந்தது. அதைக் கையில் வாங்கியவர் அப்பாதான். அதனால் அவர் சிரிக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"என்னத்த எழுதி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் நின்றேன்.

"சரி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரு நிலைக்கு வாரதுக்குள்ள ஒரு வழியக் காட்டு. ஒரு தடவ வந்து நின்னு போற காசு இல்ல, மாசா மாசம் வாரதுக்கு வழி. இல்லன்னா மில்லுதான். பொறவு அழக் கூடாது."

அம்மா பார்க்கும் வேலையை நான் கேவலமாக நினைக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேவலமாக நினைக்கவில்லை. பட்டம் வாங்கியது அதற்கல்ல என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில், எனக்கு நன்றாக எழுத வந்ததையெல்லாம் எழுதினேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை இறங்குவது, பெண்கல்வியின் அவசியம், உழைக்கும் மக்களின் விடியல். கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய நடை. எல்லாம் திரும்பி வந்தன. வைகாசி பிறந்தபோதுதான் அப்பாவின் கேள்வி உறைத்தது. எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். எதை எழுதினால் பத்திரிகை காசு கொடுக்கும் என்று தெரியாது. இரண்டும் வேறு வேறு படிப்பு. இரண்டாவதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக்கார மாமா ஒருவர் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். இலவசமாகப் படிக்கலாம் என்று நான் அங்கே போவதுண்டு. ஒருநாள் பழைய வார இதழ்க் கட்டு ஒன்றைப் பிரித்துப் புரட்டினேன். எரிச்சலாக இருந்தது. முழு இதழ் என்று ஒன்றுமே இல்லை. எல்லாவற்றிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். ஆனால் தொடர்கதை போக வேறு பக்கங்களும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எடைக்குப் போட்ட பக்கங்கள் யாருக்கும் வேண்டாதவை. கிழித்து எடுத்துக்கொண்ட பக்கங்கள்தானே வேண்டியவை? எந்தப் பக்கம் இல்லை என்று பார்த்தால் ஜனங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும். அதை எழுதினால் போதும். மாமா கடையின் மூலையில் உட்கார்ந்து, எந்த இதழில் எந்தப் பக்கம் இல்லை என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன்.

"ஏட்டி, எல்லாரும் இருக்கதப் படிப்பாக. நீ இல்லாததப் படிக்க!" என்றார் மாமா.

"நீங்க நிறுத்துப் போடுங்க மாமா. நான் பாத்துக்கிடுதேன்."

இல்லாத பக்கங்களில் என்ன இருந்தது என்று பார்க்க முழு இதழ்கள் வேண்டும். எங்கள் தெருப் படிப்பகத்தில் இருந்த பிரதிகளையும் வாசகர்கள் விட்டுவைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் பழைய இதழ்களை நடுவில் தைத்துப் பத்திரமாக வைத்திருப்பதாகக் கல்லூரித் தோழி சொன்னாள். பஸ் ஏறிப் போய், இரண்டு பகல் முழுக்க உட்கார்ந்து ஒப்பிட்டேன். விடை பளிச்சென்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லா இதழ்களிலும் காணாமல் போயிருந்தது ஒரே தாள். 'வீட்டிலிருந்தே தொழில்' என்ற பகுதி வரும் தாள். மெழுகுவர்த்தி செய்வது, சோப்புத்தூள் கலப்பது, ஊதுபத்தி உருட்டுவது.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் தெரியாமல் திண்டாடும்போது நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பு. ஒரே வாரத்தில் மூன்று கட்டுரைகள் எழுதினேன். பினாயில், வெட்டிவேர் விசிறி, சுண்ணாம்புக் கட்டி. தளவாய்புரம் போய் நைட்டி தைக்கிறவர்களிடம் கேட்டு நான்காவது ஒன்றும் எழுதினேன்.

நான்கும் வந்து சேர்ந்தன, என் கையெழுத்தில். ஆனி மாதம் பாதி போயிருந்தது.

கடைசி உறை வந்த அன்று தெருவில் இறங்கப் பிடிக்காமல் பக்கத்து வீட்டு அத்தை வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் எடைக்குப் போடுவதற்காகப் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் நடுவே விரித்து, ஒரு தாளைச் சர்ரென்று இழுத்துக் கிழித்துத் தனியாக வைத்தாள். அதே தாள்.

"அத்தை, அதுல என்ன செய்யப் போறிய? சோப்பா, மெழுகுவர்த்தியா?"

"என்ன சோப்பு?" அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் ஒரு முருகன். "சாமி படத்தோட கடையில போட்டா, அவன் அதுல வேர்க்கடலயக் கட்டிக் குடுப்பான். தின்னுட்டு ரோட்டுல எறிவாக. லாரிக்காரன் ஏத்திட்டுப் போவான். பாவம் யாருக்கு?"

நூலகத்துப் பிரதிகளில் அந்தப் படங்களை நானும் பார்த்திருந்தேன். மீனாட்சி, முருகன், ஆண்டாள், வேளாங்கண்ணி மாதா கூட. படம் எழுத்தல்ல என்று அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மெழுகுவர்த்தி செய்யும் முறை சாமிக்குப் பின்னால் அச்சாகியிருந்தது, அவ்வளவுதான். ஊரில் ஒருத்தரும் அதைப் படித்துக்கூட இருக்க மாட்டார்கள்.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? ஒனக்கு இந்தப் படம் வேணுமா?" என்றாள் அத்தை.

"வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவளால் சிரிக்க முடிகிறதே என்றிருந்தது. ஏனென்றால் மில் மேஸ்திரி அன்று காலைதான் அவளிடம் கேட்டிருந்தாராம்: "ஒம் மக வாராளா, இல்ல வேற ஆளு பாக்கவா?" "வருவா" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மறுநாள் மறுபடியும் மாமா கடைக்குப் போனேன். இந்த முறை சாமி படத் தாள்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். தொடர்கதைகளையும் கோலங்களையும் ஒதுக்கினேன். இவையெல்லாம் முரட்டுத்தனமாக, கையால் கிழிக்கப்பட்டவை. மிச்சம் இருந்தது ஒரு சின்ன ஓட்டை. இதழின் கடைசிப் பக்கங்களில், அரைப் பக்க அளவில், பிளேடால் நேராக அறுத்து எடுத்தது. ஒரு வீட்டின் இதழ்க் கட்டில் மட்டும் இல்லை, வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த கட்டுகளிலும் இருந்தது. சமையல் குறிப்பை யாரும் பிளேடால் அறுப்பதில்லை. எடுத்தது தெரியக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படி எடுப்பார்கள்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் இந்த முறை மறக்காமல் பார்த்தேன், ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில். பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரம். முன்பக்கம் வக்கீல் ஒருவர் பதில் சொல்லும் கேள்வி பதில். கேட்டவர்களின் பெயர் இருக்காது. 'என் கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார், குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி?' 'என் நகையை மாமியார் தர மறுக்கிறார்.' பதில்கள் எல்லாம் இரண்டு வரி. எல்லாம் ஒரே மாதிரி முடியும்: 'நீதிமன்றத்தை அணுகவும்.'

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணுகவும். எப்படி? எந்த வாசல்? யாரிடம் முதலில் பேச வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்? கூட ஆண் துணை வேண்டுமா? எங்கள் தெருப் பெண்களில் யாருக்கும் தெரியாது. பட்டம் வாங்கிய எனக்கும் தெரியாது. பத்திரிகை அதை எழுதவில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விக்கு விடை எழுதினால் விலை போகும் என்று அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீதிமன்றம் இருந்ததும் அதே ஊரில்தான். கேட்டுக்கொண்டு நடந்தேன்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் கால் தயங்கியது. மரத்தடியில் டைப் அடிக்கிறவர்கள், கட்டு தூக்கிய குமாஸ்தாக்கள், சுவரோரமாக வயர் கூடையோடு நிற்கும் பெண்கள். ஒரு குமாஸ்தா என்னை நிறுத்தினார்.

"என்ன கேஸும்மா? ஜீவனாம்சமா?"

"இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல."

"அப்பம் இங்க என்ன வேல? எல்லாரும் ஆன பொறவுல்லா வாராக!"

டைப் அடிப்பவர்கள் சிரித்தார்கள். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று சொன்னேன். அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு ஓட முடியவில்லை.

மகாராஜபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்காதான் கொஞ்ச நேரம் பேசினாள். இடுப்பில் குழந்தை.

"மொத தடவ வந்தப்போ எங்க நிக்கணும்னே தெரியலம்மா. பசிச்சுதுன்னு புள்ளைக்குப் பன்னு வாங்கப் போனேன். அந்நேரம் பாத்து டவாலி போட்ட ஆளு பேரக் கூப்புட்டிருக்கான். மூணு தடவ கூப்புடுவான், ஆளு இல்லேன்னா போச்சு. எங் கேஸத் தள்ளிட்டாக. திரும்பப் போட வேண்டியதாப் போச்சு."

"பேரு உள்ள இருந்து கேக்குமா?"

"கேக்கும். ஆனா அவன் நம்ம புருசன் பேரயும் சேத்துல்லா கத்துதான். அந்தாளு பேரக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! வேற எவளோன்னு நின்னுட்டு இருந்தவளும் இருக்கா. பசிச்சாலும் நகரப்பிடாது, தாயி. அத எழுது. மொதல்ல அத எழுது."

எழுதிக்கொண்டேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் யாரைக் கேட்க வேண்டும், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, இவற்றில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று குமாஸ்தாவே பிறகு கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தபோது வாசலில் எங்கள் ஊர்ப் பேட்டையில் அப்பாவோடு பொதி தூக்கும் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பியதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோர்ட்டு வாசல்ல ஒனக்கு என்னட்டி வேல?"

"எழுதறதுக்கு விஷயம் கேக்கப் போனேன்."

"எல்லாவனும் எங்கிட்ட வந்து 'மகளுக்கு என்ன வில்லங்கம்'னு கேக்கான். நாளைக்கு ஒன்னப் பாக்க எவன் வருவான்? வழி காட்டுன்னுதான் சொன்னேன். கோர்ட்டுப் படி ஏறச் சொன்னேனா?"

"திருடவா போனேன்? எழுதத்தானே போனேன்?"

அவர் கை ஓங்கினார். அதுவரை ஓங்கியதில்லை. அம்மா நடுவில் வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல்தான் வந்தது: "தேரு வரைக்கும்னு வாக்குக் குடுத்தது நீங்கதான. தேரு இன்னும் ஓடல." கை இறங்கியது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. நான் கட்டுரையை எழுதி, கோர்ட்டில் பசித்தாலும் நகரக் கூடாது என்பதை முதல் வரியாக வைத்து, தபாலில் சேர்த்தேன். வழக்கம்போல் என் விலாசம் எழுதிய உறையையும் வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு மதியமும் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஆடி பிறந்தது. கோயில் கொடி ஏறிவிட்டது என்றார்கள். அம்மா எனக்காக மில்லுக்குக் கட்டிப்போக இரண்டு பழைய சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். நான் அவற்றைத் தொடவில்லை.

தேருக்கு முந்தின நாள் தபால்காரர் வந்தார். கையில் உறை இல்லை, அஞ்சலட்டை. அஞ்சலட்டையை அவரே வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். எழுத்து தெரியாத தெருவில் அது அவருடைய வழக்கம். வேண்டாம் என்று நான் எழுவதற்குள் அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"'பெண்கள் நீதிமன்றம் செல்வது எப்படி என்ற தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. காவல் நிலையம், தாலுகா அலுவலகம் என இதே முறையில் மாதம் ஒன்று எழுத இயலுமா? சன்மானம் உண்டு.' பலே! மாசம் ஒண்ணாம்ல!"

வாசல்களில் சத்தம் நின்றது. அதுவரை என்னைக் கேலி பேசிய பெண்களில் இரண்டு மூன்று பேர் எழுந்து உள்ளே போனார்கள். அப்பா வாசலில் நின்றிருந்தார். அவரும் கேட்டார்.

சாயங்காலம் எதிர்வரிசை வீட்டுக்காரர் வந்தார். மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அடித்து அனுப்பிவிட்டு, மறுபடி கூட்டிவந்து, மறுபடி அனுப்புகிறவர். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றே பேசினார்.

"அண்ணே, ஒம்ம மக ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் கோர்ட்டுக்கு வழி சொல்லிக் குடுக்காளாம்ல? எங் குடும்பத்துல எவளாவது படி ஏறினா, நான் நேரா இங்கதான் வருவேன். சொல்லிட்டேன்."

நான் உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்ன சொல்வார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த அஞ்சலட்டை வெறும் அட்டை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அச்சுல வாரது மதராசு வரைக்கும் போகும்ப்பா. அங்கெல்லாம் ஒருத்தனுக்கும் குத்தாது. ஒனக்கு மட்டும் ஏன் குத்துது? போ, போயி ஒம் பொண்டாட்டிய ஒழுங்கா வச்சுக்கோ."

எதிர்வரிசைக்காரர் முனகிக்கொண்டே போனார். தெரு முழுக்கக் கேட்டிருந்தது. அப்பா உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"மாசா மாசம்னுதான போட்டிருக்கான்?"

"ஆமாப்பா."

"அப்பம் எழுது. மில்லுக்குச் சொல்லிவிட்டுரலாம்." செம்பைக் கீழே வைத்தார். "எம் பேரு அதுல வர வேண்டாம். ஒம் பேருக்கு முன்னால எம் பேரோட மொத எழுத்து போடுவேல்லா, அது வேண்டாம். நாளைக்கு நான் பேட்டையில நாலு பேரோட மூட தூக்கணும்."

எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அந்த எழுத்து என் பெயரோடு இருந்தது. பரிசு வாங்கும்போது, பட்டம் வாங்கும்போது எல்லாம் அதைச் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். தன்னைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே என் பெயரிலிருந்து வெட்டச் சொல்கிறார். சற்றுமுன் எனக்காகத் தெருவில் நின்ற அதே மனிதர். நான் வாதாடவில்லை. எனக்கு வாதாடத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பத்திரிகைக்கு அஞ்சலட்டை எழுதினேன். என் பெயருக்கு முன்னால் எழுத்து வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். காரணம் எழுதவில்லை.

ஆவணியில் இதழ் வந்தது. பஸ் நிலையக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, அப்பாவிடம் நீட்டினாள். நான் பக்கத்தைப் பிரித்து என் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டினேன்.

"இதுதான் ஒம் பேரா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா."

"எம் எழுத்து இல்லல்ல?"

"இல்லப்பா."

அவருக்கு என் சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. நான் எடுக்காமல் விட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மறுபடி அந்தப் பெயரைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்த இதழை நான் நேராகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மூடி, மாடத்தில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார்.